முந்திச் சொன்ன சாட்சி

என் செல்லச் சில்வண்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். ஜெபிப்பது உண்மை. சுகம் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், உன்னிடம் ஏற்கெனவே சொன்னதே போதும். அம்மாவுக்குக் குணமாகவில்லை. மார்பில் இருந்தது சாதாரணக் கட்டிதான், ஆண்டவர் எடுத்துப்போட்டார், நீ லீவு போட்டு வரவேண்டாம் என்று ஃபோனில் குதித்தேனே, அது நடக்கவில்லை. "பார்த்தா பயப்படற மாதிரி தெரியல, ரிசல்ட் வரட்டும்" என்றார் டாக்டர். முதல் பாதிதான் என் காதில் ஏறியது. பஸ் டிப்போவில் முப்பது வருஷமாக பிரேக் பார்க்கிறேன், ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை, உனக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து, என் மனைவி சுகமாகிவிட்டாள் என்று சாட்சி சொல்லிவிட்டேன். சபையே கை தட்டியது. புதன்கிழமை ரிசல்ட் வந்தது, புற்றுநோய்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம், வேறென்ன. அடுத்த ஞாயிறு போதகர் என் சாட்சியை வைத்தே பிரசங்கம் பண்ணினார், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிகிச்சையில் அம்மாவின் முடியெல்லாம் கொட்டிவிட்டது, கோயிலில் முக்காடு போட்டுத்தானே உட்காருவாள், ஒருவரும் கவனிக்கவில்லை. ஃபோன் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் அதற்காகத்தான். இப்படியே மூன்று மாதம் ஓட்டினேன். போன மாதம் கோயிலில் உன் தையல்கார அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அதே எடத்துல கட்டி. அண்ணன் சாட்சியைக் கேட்ட அன்னைக்கே டாக்டர் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாளாம், அவ்வளவு சந்தோஷமாக. அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆண்டவர் ஒண்ணும் சொல்லல, நீங்கதான் முந்திக்கிட்டீங்க. நீங்களே சரி பண்ணுங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்தோத்திரம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, போதகர் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு விடும் இடத்தில் தையல்கார அத்தை என்னை நிறுத்தி, "அண்ணே, உங்களுக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சு. எனக்குக் கொறையல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒருத்தியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மறுநாள் அம்மா, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவள், என்னைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அம்மா முக்காட்டை எடுத்தாள். தையல் மெஷின் நின்றது. "விசுவாசம் கொறஞ்சதால முடி போகலடி, மருந்தாலதான் போச்சு. ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துறப்ப இவர் வெளியிலயே உக்காந்துடுவார், உள்ள தனியா படுக்க எனக்குப் பயமா இருக்கு, கூட வா" என்றாள். அம்மாவுக்குப் பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இப்போது வியாழக்கிழமைகளில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மூன்று மாதம் வீணாகிவிட்டது என்று டாக்டர் அத்தையிடம் சொன்னார். அந்த வார்த்தை என்னை விட்டு நகரமாட்டேன் என்கிறது. முழங்கால் போட்டால் ஜெபம் வருவதில்லை, பாவி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். அதுவும் அவர் காதில் விழும், தினமும் அவர் முன்னால் போய் நில்லுங்கள் என்கிறாள் அம்மா. நிற்கிறேன்.

லீவு கேட்டுக்கொண்டு புறப்பட்டு வா, கண்ணு. அம்மா பிழைப்பாளா என்று மட்டும் என்னிடம் கேட்காதே, அதைச் சொல்ல எனக்கு இனி வாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ இருக்கும் இடத்தில் ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், வரும் வழியெல்லாம் காக்கட்டும். ஒன்று மறக்காதே, அம்மாவின் தலையைப் பார்த்ததும் அங்கேயே அழுதுவிடாதே. வாசலில் நான் இருப்பேன், என்னிடம் வந்து அழு.

இப்படிக்கு,
உனக்காகவும் அம்மாவுக்காகவும் நிற்கிற,
அப்பா