செய்யூரின் கம்ப்யூட்டர் நிபுணர்

செய்யூர்
8.12.1999

அன்பு மகள் ஜாக்குலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தம்பி ஆல்வினும் சுகம், அமெரிக்கக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்குத்தான் தலைக்கனம் ஏறிவிட்டது. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டருக்கெல்லாம் வருஷம் குழம்பி உலகமே நின்றுவிடும் என்று பேப்பரில் வருகிறதல்லவா, மகள் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், அப்பனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஊரே நம் வாசலுக்கு வருகிறது. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தது நீ அனுப்பிய போட்டோவில்தான், அதிலும் பாதியை நீ மறைத்துக்கொண்டு நிற்கிறாய். ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வந்தால்தானே! மிக்சி ஓடும், ஃபிரிட்ஜ் சந்தேகம், கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைப்பது உத்தமம் என்று தீர்ப்பு மேல் தீர்ப்பு. பக்கத்து வீட்டுச் சின்னராசு அவசரப்பட்டு இப்போதே கழற்றிவிட்டு, செங்கல்பட்டு பஸ்ஸைக் கோட்டை விட்டான். சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், பஸ்ஸு போனா போவுது, கடியாரம் தப்பிச்சுதே அண்ணாத்த என்று ஒரு படி வேர்க்கடலை கொடுத்துவிட்டுப் போகிறான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் இவரையே பேசச் சொல்லிவிட்டார். ஆல்வினின் டையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் விளாசினார், ஞானதாஸ் வாத்தியார் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். நான்தான் பொறுக்காமல் எழுந்து, கம்ப்யூட்டரு இன்னாதான் பண்ணும், அத்த மொதல்ல சொல்லுங்க என்று கேட்டுவிட்டேன். சபையே என்னைக் கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தது. உன் அப்பா அசரவில்லை, ஆராய்ச்சி நடந்துகினு கீது என்றார். வெளியே செருப்பு மாட்டும்போது அதே வாத்தியார் மெதுவாகக் கிட்டே வந்து, நல்லவேள கேட்டீங்க, எனக்கும் அதாம்மா தெரியல என்கிறார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி நீ ஆபீஸிலேயே இருக்க வேண்டும் என்று போனில் சொன்னாய். தனியாகவா, லிஃப்ட் நின்றுபோனால் எப்படி இறங்குவாய் என்று நான் புலம்பும்போதெல்லாம் ஒன்னியும் ஆவாது என்று அதட்டிய உன் அப்பா, இன்று காலை பாஸ்டரிடம் போய் உன் பெயருக்கு விசேஷ ஜெபம் கேட்டிருக்கிறார். ஒன்றும் ஆகாதென்றால் ஜெபம் எதற்கு என்று மடக்கினேன். சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு, எனக்கு இன்னா தெரியும் சந்திரா என்றார். கல்யாணமான நாளாய் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லையடி. அப்போதிருந்துதான் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டரைக் கழற்றாதே. ஆண்டவர் அன்றைக்கு உன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். வருஷம் பிறந்ததும் கடைத்தெரு பூத்துக்குப் போன் பண்ணு, அப்பா அங்கேயே நிற்பார். முதலில் நல்லா இருக்கிறேன் என்று நீ சொல், கம்ப்யூட்டருக்கு என்ன ஆனதென்று அவரே ஊருக்குச் சொல்லிக்கொள்வார்.

உன் அன்பு அம்மா,
சந்திரம்மா தாவீது