இரண்டு கருப்புக் கம்பிகள்

திண்டிவனம்,
ஜூன் 9.

மதிப்புக்குரிய அருணா மேடம் அவர்களுக்கு, ஜெயம் எழுதுவது.

இங்கே நானும் பட்டறையும் திடமாகத்தான் இருக்கிறோம். வேலை பார்க்கிற ஓசூரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன், நாளைக்குக் குறை சொல்ல வேண்டாம்.

இதுவரை உங்களை அருணா என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனவரை அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை. அதனால் மேடம். போனில் செய்தி அனுப்பினால் நீல டிக் விழுந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. தபாலில் அந்த பேஜாரு இல்லை.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை எழுதிவிடுகிறேன். உங்கள் பக்கத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை கடைசி சனி, ஞாயிறு நம் பொதுப் பட்டறையில் முதல் பயிற்சி என்று முடிவு செய்தோம். எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் தெரியாதவர்களுக்கு. முதல் நாள் பேட்டரி, சின்ன விளக்கு, பஸ்ஸர், மீட்டர் பிடிப்பது எப்படி. இரண்டாம் நாள் மைக்ரோகண்ட்ரோலர் போர்டை வைத்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தானாக வால்வை மூடுகிற சின்ன மோட்டார். இதையெல்லாம் உட்கார்ந்து பேசியது நாம் இருவரும்தான். எல்லோரும் லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் எழுதியதை நான் அடித்தேன். அதில் நான் செய்தது சரி. மயிலம் பக்கத்திலிருந்து வருகிற பம்பு ஆபரேட்டரும் தையல்காரியும் லேப்டாப்புக்கு எங்கே போவார்கள்? நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். ஜெசிந்தாவின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் புரோகிராமை முன்கூட்டியே எல்லா போர்டிலும் ஏற்றிவிடலாம் என்று சொன்னதே நீங்கள்தான்.

அடுத்ததுதான் வினை. நீங்கள் வரைந்து கொடுத்த படத்தில் போர்டுக்கு ஒரு கரண்டு, மோட்டாருக்குத் தனிப் பேட்டரி. அதுவரை சரி. ஆனால் இரண்டின் கருப்புக் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்திருந்தீர்கள். நான் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்கவாவது செய்தீர்களா?

வளவனூரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு ஒன்று. இரண்டு மீட்டர், இரண்டு சர்வீஸ். ஒயரிங் செய்தவன் சோம்பேறி, இரண்டு பேர் நியூட்ரலையும், கரண்டு திரும்பிப் போகிற அந்தக் கருப்புக் கம்பியை, ஒரே இடத்தில் முறுக்கிவிட்டான். பின்னால் ஒரு நாள் அண்ணன் தன் பக்கம் மெயினை நிறுத்திவிட்டு, கரண்டு இல்லை என்ற நம்பிக்கையில் நியூட்ரலைக் கழற்றினார். தம்பி வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் கரண்டெல்லாம் அண்ணன் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. மனிதரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அவர் மோட்டாரை வைண்டிங் பண்ண நான் போயிருந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. ஒரு சர்வீஸின் நியூட்ரலை இன்னொன்றோடு சேர்க்கக் கூடாது. இது எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை.

பயிற்சிக் குழு முன்னால் நான் இதைச் சொல்ல வாயெடுத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அக்கா, இது கரண்டு இல்லக்கா, சிக்னலு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். குமரேசன்கூடச் சிரித்தான், என் கடையில் ஸ்குருடிரைவர் பிடிக்கக் கற்றவன். அதற்குப் பிறகுதான் நான் "புஸ்தகத்தப் புடிச்ச கைக்கு ஷாக்கு அடிக்காதும்மா" என்று சொன்னேன். முதலில் சிரிப்பு, பிறகுதான் என் வார்த்தை. வரிசை மறந்துவிட வேண்டாம்.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. குத்துவிளக்கு ஏற்றுபவர் திருமதி ஜெயம் விருத்தாசலம் என்று போட்டிருக்கிறீர்கள். பயிற்சி அளிப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு, பொம்பளை சுற்றிய செம்புக் கம்பிக் காயில் தாங்குமா என்று மோட்டாரை விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். எரிந்த காயிலைப் பிரித்துப் பிரித்து நானாகத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். கடைசியில் எனக்குத் தீப்பெட்டி. ஜெசிந்தாவிடம் என் பெயரை அடித்துத் திருத்தி அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இல்லாமலும் பயிற்சி நடக்கும். படத்தை நானே வரைந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஜெயம்.

---

திண்டிவனம்,
ஜூன் 30.

அருணா மேடம் அவர்களுக்கு, ஜெயம் எழுதுவது.

போன கடிதம் சேர்ந்திருக்கும். சேராவிட்டாலும் நஷ்டமில்லை, அதில் இருந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆள் சேர்ந்துவிட்டார்கள். ஜெசிந்தா இனிமேல் யாரையும் எழுத வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். மண்டகப்பட்டிலிருந்து இரண்டு பெண்கள், தோட்டத்து மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், விளக்கு எரிகிற பாடமெல்லாம் எங்களுக்கு எதற்கு, அந்த வால்வு மூடுகிற நாள் மட்டும் வந்தால் போதாதா என்று கேட்டார்களாம். பலருக்கும் கண் அந்த இரண்டாம் நாள் மேல்தான். தொட்டி வழிந்து மல்லாட்டைக் கடலை காயவைத்த களம் நனைந்து போனது, பக்கத்து வீட்டோடு சண்டை வந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தோம். நான், ஜெசிந்தா, குமரேசன். விளக்கு எரிந்தது, பஸ்ஸர் கத்தியது. தொட்டிக்குப் பதிலாக டம்ளர் தண்ணீரில் கம்பியை விட்டதும் போர்டு சரியாகக் கண்டுகொண்டது. மோட்டார் மட்டும் திரும்பவில்லை. குளிரில் நனைந்த கோழி மாதிரி ஒரு நடுக்கம் நடுங்கும், அதோடு சரி. வேறு மோட்டார் மாற்றினேன். அதுவும் நடுக்கம். பேட்டரி மாற்றினேன். நடுக்கம். விழுப்புரத்தில் சாமான் வாங்கிய கடைக்காரனைப் போனில் பிடித்து, தள்ளிவிட்ட சரக்கையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டாயா என்று கேட்டேன். அவன், "எம்மா, பெட்டி பிரிக்காத பீஸும்மா, வேணும்னா திருப்பி எட்த்துக்கினு வாங்க" என்றான். எடுத்துக்கொண்டு போனேன். என் கண் முன்னால் அவன் மேஜையில் வைத்து ஓட்டிக் காட்டினான். ஓடியது. வழி நெடுக பஸ்ஸில் எனக்கு ஆத்திரம்.

குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, கோவிச்சுக்காத. அருணா மேடம் வரைஞ்சா மாதிரி அந்த கருப்பு ரெண்டையும் சேத்துதான் பாப்பமே" என்றான். சேர்த்தால் கையை வெட்டிவிடுவேன் என்றேன். "வெட்டிட்டா சால்டரிங் யாருக்கா பண்றது" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

ஜெசிந்தா இரண்டாம் நாளை எடுத்துவிடலாம் என்கிறாள். முதல் நாள் மட்டும் நடத்தி, விளக்கு எரிய வைத்துக் காட்டி, பிஸ்கட்டும் டீயும் கொடுத்து அனுப்பிவிடலாமாம். எனக்கு ஒப்பவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர்கள் மறுபடி இந்தப் பட்டறைக்காகப் பஸ் ஏறமாட்டார்கள். காசு கொடுத்தாலும் ஏறமாட்டார்கள்.

நீ முதன்முதலில் காலேஜ் லேபின் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாயே, அன்றைக்கு வேலை முடிகிறவரை ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. எதற்கு இது, எதற்கு அது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். போகும்போது, இந்தக் கடையைப் பூட்டி வைக்காதீங்க, யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளுகிற இடமாக ஆக்கலாம் என்று சொன்னாய். மேக்கர் ஸ்பேஸ் என்று ஒரு பெயரும் சொன்னாய். நான் பொதுப் பட்டறை என்று போர்டு எழுதினேன். பெயரில் நான் ஜெயித்தேன், மற்றதிலெல்லாம் நீ.

நீ என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, பேப்பர் வீணாகும்.

இப்படிக்கு,
ஜெயம்.

---

திண்டிவனம்,
ஜூலை 13.

அன்புள்ள அருணாவுக்கு,

முன்னே எழுதிய இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். அதனால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

நேற்று ஜெசிந்தா இரண்டாம் நாளை எடுத்துவிட்டு அழைப்பிதழைத் திருத்தக் கொடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். ஒரு மணி நேரம் பொறு என்றேன். அவளையும் குமரேசனையும் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். பக்கத்திலேயே கடை இருக்கிறது, ஆனால் மயிலம் ரோட்டுக் கடையில்தான் வேண்டும் என்று சொன்னேன். அவர்கள் தெரு திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

உன் படம் என்னிடம்தான் இருந்தது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சம் கருப்புக் கம்பி வெட்டி, முனைகளைச் சீவி, பேட்டரியின் கருப்பையும் போர்டின் கருப்பையும் சேர்த்தேன். டம்ளரில் கம்பியை விட்டேன்.

திரும்பியது. நடுக்கமே இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி மெல்லத் திரும்பி நின்றது. தண்ணீரிலிருந்து கம்பியை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பியது. நான் எத்தனை தடவை விட்டு எடுத்தேன் என்று தெரியாது. டம்ளர் தண்ணீரெல்லாம் மேஜை மேல்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். போர்டு ஒரு அளவு சொல்கிறது. அந்த அளவை எங்கிருந்து அளப்பது என்று மோட்டாருக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் தரை ஒன்றாக இல்லாவிட்டால், இவன் ஐந்தடி என்பது அவனுக்கு எந்த ஐந்தடி? அதைத்தான் நீ சிக்னல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனாய். இவ்வளவு சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். வளவனூர் அண்ணன் தம்பி விஷயத்தில் நான் சொன்னதும் பொய்யில்லை. வீட்டு மின்சாரத்தில் என் பேச்சுதான் சரி. அதிலிருந்து ஒரு நூல்கூட நகரமாட்டேன்.

ஷட்டர் பக்கம் குமரேசனின் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கம்பியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துவிட்டேன்.

அவர்கள் உள்ளே வந்தபோது மோட்டார் பழையபடி நடுங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். குமரேசன் டீயை வைத்தான். மேஜை மேல் சீவிய கருப்புத் தோல் துண்டுகள் கிடந்தன. அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயால் ஊதிக் கீழே தள்ளிவிட்டு, "டீ ஆறிடும்க்கா" என்றான். அவன் அன்றைக்குச் சிரித்ததற்கு நான் வைத்திருந்த கோபம் அதோடு போயிற்று.

ஜெசிந்தாவிடம் இரண்டாம் நாள் இருக்கட்டும், எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். மோட்டார் ஓடவில்லையே, யாரக்கா ஓட்டிக் காட்டுவது என்று கேட்டாள். அருணா வருவாள் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அழைப்பிதழில் பயிற்சி அளிப்பவர் என்று உன் பெயர் இருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. என் பெயரையும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குதானே, ஏற்றிவிட்டுப் போகிறேன். எண்ணெயும் திரியும் நான் போட்டால் காற்றில் அணையாது.

முதல் நாள் நானே பார்த்துக்கொள்கிறேன். மீட்டர் பிடிக்கவும் கம்பி சீவவும் உன்னைவிட எனக்கு நன்றாக வரும், நீயே சொல்லியிருக்கிறாய். ஆரம்பத்திலேயே வளவனூர் கதையைச் சொல்லிவிடுவேன். வீட்டு மின்சாரம் பக்கம் யாரும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகக் கூடாது. வருகிறவர்களில் ஒயர்மேன் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையும் என் கை மாதிரிதான், கருப்புக் கம்பியைச் சேர்க்கச் சொன்னால் பின்வாங்கும். இரண்டாம் நாள் நீ எதற்குச் சேர்க்கலாம், எதற்குச் சேர்க்கக் கூடாது என்று இரண்டையும் விளக்க வேண்டும். சிக்னல் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதே.

சனிக்கிழமை ஓசூரில் கிளம்பினால் திருவண்ணாமலையில் மாறி, செஞ்சி வழியாக வந்துவிடலாம். பஸ்ஸில் இடப்பக்கம் உட்காராதே, வெயில் முகத்தில் அடிக்கும். உனக்கு மைக்ரேன் வந்தால் யாருக்கும் பதில் சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். கேப்பைக் கூழ் கரைத்து வைக்கிறேன். வேண்டாம் என்று சொன்னாலும் கரைப்பேன்.

வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சாமானையெல்லாம் பெட்டி பெட்டியாக எடுத்துவைத்துவிட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் கருப்புக் கம்பி ஒரு துண்டு, முனைகளைச் சீவி வைத்திருக்கிறேன். முன்மேஜையில் இருக்கிற மோட்டாரையும் மற்றதெல்லாம் மாட்டித் தயாராக வைத்திருக்கிறேன். அந்த ஒரு கம்பி மட்டும் மாட்டவில்லை. மாட்டத் தெரியாமல் இல்லை. அதை எல்லோரும் பார்க்க நீதான் மாட்ட வேண்டும். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்னொரு தடவை சிரிக்கட்டும், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

முந்தானையில் முடிந்த துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன் கையில் கொடுக்க வைத்திருக்கிறேன்.

எங்கே வேலை பார்த்தாலும் உன் கை வைத்தது ஓடட்டும் அம்மா. வந்துவிடு.

உன் அக்கா,
ஜெயம்.