பெயர் விட்டுப்போன பத்திரிகை

மஸ்கட்

அன்புள்ள துர்காவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? தறியில் ரொம்ப நேரம் உட்காராதே.

எதிர்வீட்டுப் பெரியப்பா தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருந்தார். அதில் என் பெயர் மட்டும் இருந்தது. உன் பெயர் எங்கே என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

“அவ வேற ஜாதிப் பொண்ணுப்பா. சொந்தக்காரங்க பேசிகினு இருப்பாங்க. நீ மட்டும் வந்துட்டுப் போ.”

ஆரணி முழுக்கப் படியேறிப் பத்திரிகை வைத்த பெரிய மனிதருக்கு, எதிரே இருக்கும் உன்னை அழைக்கத் துப்பில்லை.

“பொண்டாட்டிய விட்டுட்டு வந்து சாப்பிட எனக்கு வெக்கமா இருக்கு. உங்களுக்குத்தான் அது இல்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ அழாதே.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் முத்துவேலிடம் கொடுத்தனுப்பு. உன் கையால் நாலு வரியும் எழுது. முகூர்த்தத்தன்று லீவு போட்டிருக்கிறேன். மேளம் கேட்டால் கதவைச் சாத்தாதே. பட்டு உடுத்தி, பாயசம் வைத்து, போனில் கூப்பிடு. சேர்ந்து சாப்பிடுவோம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன்
தனசேகரன்