கூட்டின ஒரு மாசம்

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் சுகமாத்தான் இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?

பாப்பா ஸ்கூல்லயும் வருஷத்துக்கு ஒரு மாசம் படிப்பைக் கூட்டிட்டாங்கன்னு எழுதி, நல்லதான்னு கேட்டிருந்தே. இங்க போன வருஷமே கூட்டியாச்சு. முன்னே லீவுலதான் ஸ்கூலுக்கு பெயிண்ட் அடிப்போம். இப்போ பிள்ளைங்க உள்ளே இருக்கும்போதே அடிக்கிறோம். எழுதினதையே திரும்ப எழுதுதுங்க, பாதி தூங்குதுங்க. பொய் சொல்லக்கூடாது, வாசிக்கவே வராத ரெண்டு பேர் இப்போ வாசிக்கிறாங்களாம், டீச்சர் சொன்னாங்க.

நேத்து ஒரு பொண்ணு பெயிண்ட் வாடையில மயங்கிடுச்சு. தூக்கலாம்னு அவசரமா இறங்கினதுல நானும் ஏணியிலிருந்து விழுந்தேன். கையில கட்டுதான், பயப்படாதே. இடது கையால எழுதறேன், அதான் கோழி கிளறின மாதிரி இருக்கு.

ஊருக்கு வர அஞ்சு வருஷம் கழிச்சுக் கிடைச்ச லீவு, சரியா அந்தக் கூட்டின மாசத்துல வருது. மாத்தித் தரச்சொல்லி மேஸ்திரிகிட்ட கேட்டது செவிடன் காதுல ஊதின சங்குதான். எனக்காக பாப்பாவை மட்டம் போட வைக்காதே. சாயந்திரம் நானே போய்க் கூட்டிட்டு வரேன்.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி வந்துடுச்சு. மறக்காம அவளோட புது போட்டோ ஒண்ணு அனுப்பு. நான் கிளம்பினப்போ தவழ்ந்துட்டு இருந்தா. எல்லாம் ஒரே யூனிஃபார்ம்ல வெளியே வரும்போது, கேட்டுல நின்னு நான் எந்த முகத்தைத் தேடுவேன்?