பூரண உபவாசம் என்று நான் சொன்ன சொல்

மாதுங்கா, பம்பாய்
9-11-1964

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு உன் அம்மா மனப்பூர்வமான ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அப்பாவும் தேகத்தளவில் சௌக்கியமாகவே இருக்கிறோம், மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் லீட்ஸ் நகரத்துக் குளிருக்கு ஈடுகொடுத்து ஆரோக்கியமாக இருக்கும்படி தினமும் பிரார்த்திக்கிறேன். தீபாவளிக்குப் புது வேஷ்டி வேண்டாமென்று உன் அப்பா சொல்லிவிட்டார், நானும் பட்சணம் என்று பெயருக்கு ரிப்பன் பக்கோடா மட்டும் செய்து மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களுக்கே கொடுத்துத் தீர்த்தேன். அப்பாவுக்கு முழங்கால் பிடிப்பு விட்டபாடில்லை, ஆனாலும் எட்டு இருபது லோக்கல் ரயிலை அவர் ஒருநாளும் தவறவிடுவதில்லை. உனக்கு எப்போதும் நீலநிற ஏரோகிராமில்தான் எழுதுவேன். இம்முறை நான் சொல்ல வேண்டியது அந்த மடிப்புகளுக்குள் அடங்காது, அடக்கி எழுதினால் மறுபடியும் பொய்யாகிவிடுமோ என்று பயந்து தனித்தாள்களில் எழுதி உறையிலிட்டிருக்கிறேன்.

நம் நாய் பிஸ்தாவின் மரணம் குறித்து சயானில் உள்ள அந்தச் சிறிய மிருக வைத்தியசாலையின் அறங்காவலர்களுக்கு நீ எழுதிய புகாரின் நகல் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, அகராதியைத் துணையாக வைத்துக்கொண்டு நானாகவே கற்ற ஆங்கிலத்தில் அதை வாசித்தேன். ஓரிடத்திலும் அகராதி தேவைப்படவில்லை, ஏனெனில் அதில் பாதி வாசகங்கள் நான் உனக்குத் தமிழில் எழுதியவை. அனுபவமற்ற ஒரு கையின் அவசரத்தால் வாயில்லா ஜீவன் பலியாயிற்று என்று எழுதியிருந்தேன் அல்லவா, எழுதிய அன்று வாக்கியம் செம்மையாக அமைந்துவிட்டதென்று ஒரு திருப்திகூட உண்டாயிற்று. ஷ்யாமளா, அது உண்மையன்று. டாக்டர் வெங்கடேஸ்வரன் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தவள் நான், அதை மறைத்தவளும் நானே. நீ உட்கார்ந்துகொண்டு மேலே படி.

ஆவணி மாதம் பிஸ்தாவின் அடிவயிற்று மடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டதை உனக்கு எழுதியிருந்தேன். ஒன்பது வயதான நாய்க்கு அறுவைச் சிகிச்சையா என்று மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். உன் பிரயாணத்துக்குத் தகரப் பெட்டி செய்துகொடுத்த தாராவி ஜெயினுலாப்தீன்தான், தான் கூண்டு செப்பனிடும் வைத்தியசாலையில் கைராசிக்காரரான ஒரு இளம் டாக்டர் இருப்பதாகச் சொல்லி எங்களைத் தன் டெம்போவில் அழைத்துப் போனார். டாக்டர் செம்பூரில் வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளை, ஆகையால் பாஷை விளங்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லை. நான் நோட்டுப்புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்த கட்டியின் வளர்ச்சி, பசி, தூக்கம், மலஜல விவரம் எல்லாவற்றையும் அவர் புரட்டிப் பார்த்து, மாமி, டாக்டர் வீட்டு நாயைக்கூட இப்படிக் குறிப்பெழுதிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை, நீங்க சொன்னா அது ரிக்கார்டு மாதிரி என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தலை எங்கே போயிற்றென்று உனக்குத் தெரியும். சிகிச்சை நடக்கும் அறையையும் காண்பித்தார். இரும்பு மேஜை உடம்பைச் சில்லிட வைக்காதிருக்க அதன்மேல் கம்பளி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பைகள், முன்காலில் மயக்க ஊசி போடும்வரை நானே தலையைத் தடவிக்கொண்டு நிற்கலாம், கத்தி எடுத்தது முதல் கட்டுப்போட்டு முடிக்கும்வரை மூச்சை எண்ணுவதற்கென்றே ஓர் ஆள், கண்விழித்ததும் பூனைகளின் சத்தமில்லாத தனியறையில் வைக்கோல் படுக்கை. மனிதர்களின் ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பரிவை நான் கண்டதில்லை. கடைசியாக அவர் சொன்னது ஒன்றுதான். ராத்திரி ஒம்பது மணிக்கப்புறம் ஒண்ணும் குடுக்காதீங்கோ மாமி, கார்த்தால தண்ணிகூட வேண்டாம், மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுத்துன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன், அடிக்கோடும் இட்டேன்.

குறித்த நாள் புரட்டாசி ஏகாதசியாக அமைந்தது. விடிகாலை பூஜை முடித்து, விரதத்துக்கு நான் வழக்கமாக அருந்தும் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏகாதசிதோறும் அந்தப் பாலில் பிஸ்தாவுக்கு ஒரு பங்கு உண்டென்பது நீ ஏற்படுத்திய வழக்கம், நீ போன பின்னும் நான் அதை விடவில்லை. அது வந்து என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு டம்ளரையே பார்த்தது. முதல்நாள் மாலையிலிருந்து பட்டினி. அரிசி பட்டால்தானே விரதபங்கம், பாலும் பழமும் எந்த நாளில் உபவாசத்தைக் கெடுத்தன என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அரை டம்ளர் பாலை அதன் கிண்ணத்தில் ஊற்றி அரை வாழைப்பழத்தையும் பிசைந்து வைத்தேன். நாயைத் தூக்கிக்கொண்டு போக வந்த ஜெயினுலாப்தீன் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். என்னம்மா, தண்ணிகூட ஆவாதுன்னு டாக்டரு சொன்னாருன்னு நீங்கதான சொன்னிய, இப்ப பால ஊத்துதீய என்று கேட்டார். ஏகாதசி உபவாசத்தில் பாலுக்குத் தோஷமில்லை என்று நான் பதில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, எங்க நோம்புல எச்சிய முழுங்கக்கூட யோசிப்போம்மா, பிஸ்தாவுக்கு உங்க நோம்பா எங்க நோம்பான்னு டாக்டருட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க என்றார். விரத நியமங்களை ஒரு தகரப் பட்டறைக்காரர் எனக்குப் போதிப்பதா என்று எனக்குள் சுருக்கென்றது. வண்டிக்கு நேரமாகிறது, கிளம்பும் என்றேன். அவரும் எங்களை வைத்தியசாலை வாசலில் இறக்கிவிட்டுக் குர்லாவுக்குச் சரக்கு ஏற்றப் போய்விட்டார்.

உள்ளே டாக்டர் கையில் தாளை வைத்துக்கொண்டு, வயிறு காலிதானே மாமி என்று கேட்டார். ஷ்யாமளா, அந்தக் கணத்தில் எனக்குத் தெரியும். வழியெல்லாம் ஜெயினுலாப்தீனின் வார்த்தை உறுத்திக்கொண்டுதான் வந்தது. அரை டம்ளர் பால் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால், போகட்டும் நாளைக்குப் பண்ணிக்கலாம் என்று அவர் திருப்பி அனுப்பியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு உதவியாளர்களும் ஒரு பார்ஸி அம்மாளும் பார்த்துக்கொண்டு நிற்க, ரிக்கார்டு மாதிரி என்று பெயர் வாங்கிய நான், அடிக்கோடிட்டு எழுதியதையே மீறினேன் என்று எப்படிச் சொல்வேன். பூரண உபவாசம் என்றேன். அவர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். பிஸ்தா என் கையை நக்கியபடியே ஊசியில் தூங்கிப்போயிற்று, எனக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். கால்மணிக்குள் உள்ளே பரபரப்பாகக் குரல்கள் எழுந்தன. கட்டியை எடுப்பதற்கு முன்பே வாந்தி மூச்சில் கலந்துவிட்டதாம், தலைகீழாகச் சாய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி, எவ்வளவோ பாடுபட்டு அவர் அதன் மூச்சைத் திருப்பிவிட்டார். ஆனால் நுரையீரலில் ஜுரம் கண்டு மூன்றாம்நாள் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. அவ கஷ்டப்படாம பார்த்துண்டேன் மாமி, அது மட்டும்தான் என்னால முடிஞ்சுது என்று என்னிடம் தலைகுனிந்து சொன்னார். தலைகுனிய வேண்டியவள் நிமிர்ந்து நின்றேன். வீட்டுக்கு வந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். உன்னுடைய நாயை என் கையாலேயே தீர்த்தேன் என்று எழுதக் கை வரவில்லை, வேறொருவர் கை என்று எழுத வந்தது.

உன் புகார் வந்தபின் அறங்காவலர்கள் டாக்டர் எழுதிக்கொண்ட அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வயிறு காலி என்று தாள் சொல்கிறது, காலி வயிற்று நாய்க்கு வாந்தி வருமானால் மருந்தின் அளவில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, விசாரணை முடியும்வரை அவர் கத்தியைத் தொடக்கூடாதென்று நிறுத்திவைத்துவிட்டார்கள். கூண்டு வேலைக்குப் போன ஜெயினுலாப்தீன் தீபாவளிக்கு மறுநாள் வந்து இதைச் சொன்னார். பலகாரத் தட்டை நீட்டினேன், வாங்கவில்லை. அந்தப் புள்ள ஊசிமருந்து ரூம்புல உக்காந்து சீட்டு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்மா, நீங்க சொல்லுதியளா, நான் போயி சொல்லட்டா என்று கேட்டார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுவே முதல் தடவை. நானே சொல்கிறேன் என்றேன். உன் அப்பாவிடம் அன்று மாலை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், நாளைக்கு நான் லீவு போடறேன், சேர்ந்தே போகலாம் என்று மட்டும் சொன்னார்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பென்சிலை எடுத்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு பால், பழம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, ஒரு மாசமா மருந்துக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துண்டிருக்கேன் மாமி, எங்கே தப்புன்னு தெரியாம அடுத்த நாயைத் தொடவே பயமாப் போயிடுத்து என்றார். இனிமே காலியான்னு ஒத்தை வார்த்தையில கேக்க மாட்டேன், பாலா, காப்பியா, பிரசாதமா, பிஸ்கோத்தான்னு ஒண்ணொண்ணாக் கேக்கணும், அது என் பேர்ல இருக்கற குறைதான் என்று அவர் சொன்னபோது, குறையைக்கூட முழுதாக என்னுடையதாக விடாமல் பகிர்ந்துகொள்கிறாரே என்று நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். உன் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அங்கிருந்து தலைமை அறங்காவலர் சேட்ஜியைக் கண்டு, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மாஜி, ஆப் பி மத்ராஸி, டாக்டர் பி மத்ராஸி என்று சிரித்தார். இருவரும் மதராஸிகள், ஒரே ஊர்க்காரர்கள் என்று இரக்கப்பட்டு நான் பழியை ஏற்றுக்கொள்வதாக மற்ற அறங்காவலர்கள் நினைப்பார்களாம். நாய்க்கு முனிசிபாலிட்டி லைசென்ஸ் உன் பெயரில், புகாரும் உன் பெயரில், ஆகவே நீயே எழுதித் திரும்பப் பெற்றாலொழிய விசாரணை நிற்காதாம். இத்தனை காலம் என் சொல்லுக்கு இருந்த மதிப்பை நானே செலவழித்துவிட்டேன், இப்போது உண்மையைச் சொன்னாலும் ஒருவர் நம்புவதற்கு உன் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

ஆகவே குழந்தாய், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அறங்காவலர்களுக்கு எழுது. இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை அவர்கள் கூடுகிறார்கள், அதற்குள் ஏர்மெயிலில் வந்து சேர வேண்டும். நான் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்து அனுப்பு. டாக்டருக்கும் தனியாக நான்கு வரி எழுது, முகவரி நகலின் பின்புறம் இருக்கிறது. என்மேல் உனக்குண்டாகும் கோபத்தை நீ மறைக்க வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் எனக்கு எழுதாமல் இரு, நான் பொறுத்துக்கொள்வேன், ஆனால் அவர்களுக்கு எழுதுவதை மட்டும் ஒத்திப்போடாதே. பிஸ்தாவை சயானிலேயே, வைத்தியசாலைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தார்கள். கழுத்தில் இருந்த பித்தளை லைசென்ஸ் வில்லை என்னிடம் இருக்கிறது, உனக்கு வேண்டுமென்றால் சொல், அனுப்பிவைக்கிறேன், எனக்கு அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை இல்லை.

நீங்கள் இருவரும் தீர்க்காயுளுடன் சகல சௌபாக்கியங்களும் பெற்று வாழ அம்பாள் அருள்வாளாக. காதையும் மார்பையும் கம்பளியால் மூடிக்கொள், மாப்பிள்ளையை வெறும் வயிற்றில் வேலைக்கு அனுப்பாதே. கடைசியாக ஒன்றை மட்டும் நினைவில் வை. என் தாயார் வயதானவள், மறந்துவிட்டாள் என்று எனக்காக ஒரு வரியும் சேர்க்காதே. நான் மறக்கவில்லை. பொய் சொன்னாள் என்றே எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
அபயாம்பாள் சுப்ரமணியன்