தடைக்காலத்தில் கட்டிய வாத்துக் கூண்டு

மரக்காணம் குப்பம்
மே 2, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தேவயானிக்கு,

உன் வீட்டுக்காரன் ராஜாங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். திண்டிவனத்தில் நீயும் உன் அக்கா தைலம்மாளும் சகலை பாண்டுரங்கனும் நலம்தானே? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது, சிரிக்காதே. போன் அடித்து அடித்து விரல் தேய்ந்துபோயிற்று. நீ எடுக்கவில்லை. அக்கா ஒரு தடவை எடுத்து, "அவ பேசுற நெலமைல இல்ல, எதுனா சொல்லணும்னா எழுதிக் குடுத்து அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். மீன் வண்டி ஓட்டுகிற அருள் தினமும் அங்கே மார்க்கெட்டுக்கு வருகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வருஷம் முழுக்க விசைப்படகில் போய்விடுகிறேன், வீடு தங்குவதில்லை என்று குறைப்பட்டவள் நீ. இப்போது மீன்பிடி தடைக்காலம். அறுபத்தோரு நாள் படகு கரையிலேயே கிடக்கும், நானும் வீட்டோடு கிடப்பேன். பார்த்துப் பார்த்து இந்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். சண்டைகூடப் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "வாத்துங்கள பாத்துக்கோங்க. அதுங்களுக்காவது ஒரு கூண்டு கட்டுங்க" என்றாய். கூண்டு கட்டவில்லை என்றா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்? சீட்டாட்டக் கூட்டாளி அப்பாதுரையிடம் கேட்டேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

நீ இரண்டு வருஷமாகக் கேட்டாய், ஒப்புக்கொள்கிறேன். "தடைக்காலத்துல பாத்துக்கலாம்" என்று நானும் இரண்டு வருஷமாகச் சொன்னேன். நம் குப்பத்தில் யார் அப்படிச் சொல்லவில்லை? கூரை மாற்றுவது, பிள்ளைக்குக் காது குத்துவது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாமே தடைக்காலத்துக்குத்தான் தள்ளிப்போகிறது.

நீ போய் ஒரு வாரம் கோபத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு நாலு சவுக்குக் கழி நட்டு, பழைய வஞ்சிர வலையைச் சுற்றியும் மேலேயும் இழுத்துக் கட்டினேன். இடுப்பு உயர வஞ்சிரத்தையே நிறுத்தின வலை, ஒரு தெருநாயை நிறுத்தாதா என்று நினைத்தேன். பதினோரு வாத்தையும் உள்ளே விட்டு, படகுக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. உடம்பு முழுசாக இருக்கிறது, தலையைக் காணோம். வலை எங்கேயும் அறுபடவில்லை. முடிச்சு நான் போட்டபடியே இருக்கிறது. நேற்று இன்னொரு பெட்டை. இன்றைக்கு அந்தக் கொழுத்த சேவல் வாத்து, அதுவும் தலை இல்லாமல். எது வருகிறது, பூட்டின கூண்டுக்குள் எப்படி வருகிறது, இவ்வளவு கறியை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஏன் கொண்டுபோகிறது? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறான் அப்பாதுரை. நம்புவதா வேண்டாமா என்றும் தெரியவில்லை. ஒரே பேஜாராக இருக்கிறது.

உன் நொண்டி வாத்து பிழைத்திருக்கிறது. மிச்சம் எட்டு. நீ இருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாய். என்ன கோபம் என்றாவது அருளிடம் சொல்லியனுப்பு.

இப்படிக்கு,
தலையும் வாலும் புரியாமல் இருக்கும்
ராஜாங்கம்


மே 7, புதன்கிழமை

தேவயானிக்கு,

அருள் வெறுங்கையோடு வந்தான். பரவாயில்லை.

வாத்து விஷயம் விளங்கிவிட்டது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற வெள்ளையம்மாள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மீனு தானா வந்து வலையில மாட்டிக்கும். பூனை இன்னாத்துக்குய்யா மாட்டும்? வெளிய குந்திக்கினு கைய விட்டு இழுக்கும்" என்றாள். குனிந்து பார்த்தேன். மணலில் வட்ட வட்டமாகக் காட்டுப்பூனைத் தடம், வலையை ஒட்டியே இருக்கிறது. வாத்துகள் வலையில் சாய்ந்து தூங்கியிருக்கின்றன. என் வலையின் ஒவ்வொரு கண்ணும் நாலு விரல் அகலம். அது உள்ளே வரவே இல்லை. வெளியே இருந்தபடி தலையைப் பிடித்து இழுத்திருக்கிறது, உடம்பு கண்ணில் நுழையாமல் உள்ளேயே தங்கிவிட்டது. உன் நொண்டி வலைப் பக்கம் நடக்கச் சோம்பல்பட்டு நடுவில் படுத்ததால் தப்பித்தது. முப்பது வருஷம் வலை பிடித்தவன் நான். இதை ஒரு உப்பளத்துப் பொம்பளை சொல்ல வேண்டியிருக்கிறது.

மணலைத் தோண்டியும் உள்ளே வரும், கம்பி வலையை ஒன்றரை அடி ஆழம் புதைக்கணும் என்றும் அவளே சொன்னாள். அதை வாங்கத்தான் திங்கட்கிழமை திண்டிவனம் வந்தேன். உனக்குத் தெரியாது. இரும்புக் கடை வாசலில் சகலை பாண்டுரங்கனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிக்கிறாங்க, பதினாலாந் தேதி ரிசல்ட்டு. உனுக்கு சொல்லலியா?" என்றார். எந்தச் சதை, யாருக்கு டெஸ்ட் என்று நான் கேட்டேன், தேவயானி. உன் புருஷன் நான், ஒரு இரும்புக் கடை வாசலில் நின்று இதைக் கேட்டேன்.

அக்கா வீட்டுத் தெருமுனை வரைக்கும் வந்தேன். எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு மரக்காணம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வீடு வந்திருந்தேன். குளித்துவிட்டு வந்து என் கையை எடுத்து உன் இடது மார்புக்குப் பக்கத்தில் வைத்தாய். "இங்க கட்டி மாரி தெம்படுதுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சூட்டுக் கட்டியா இருக்கும். தடைக்காலத்துல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். சொன்னதோடு மறந்தும் போனேன்.

தடைக்காலம் வந்தது. ஐந்து நாள் நீ ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று பார்த்திருக்கிறாய். அந்த ஐந்து நாளும் நான் அப்பாதுரையோடு சீட்டாடினேன். ஆறாம் நாள் நீ கிளம்பினாய், அதுவும் வாத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிற சமயமாகப் பார்த்து.

எனக்குப் பயமாக இருக்கிறது. கடலில் புயல் அடித்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாகவும் இருக்கிறது.

ராஜாங்கம்


மே 12, திங்கட்கிழமை

அன்புள்ள தேவயானிக்கு,

கூண்டு முடிந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் பலகை அடித்திருக்கிறேன், சாய்ந்து தூங்கினாலும் இனி எந்தக் கையும் எட்டாது. அதற்கு மேலே காற்று வர, சுண்டுவிரல்கூட நுழையாத கம்பி வலை. அடியில் ஒன்றரை அடி பள்ளம் எடுத்து வலையை இறக்கி, உடைந்த செங்கல் போட்டு மூடினேன். மேலே தகரம், தரையில் வைக்கோல். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், முடிச்சு கிடையாது. நம் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலையில் பார்த்தேன். கூண்டைச் சுற்றிப் பூனைத் தடம். ஓரிடத்தில் தோண்டிப் பார்த்து, கம்பி தட்டியதும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே எட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நீ எப்போதும் சொல்கிறபடி எட்டு மணி வரைக்கும் திறக்கவில்லை, முட்டையை உள்ளேயே இட்டுவிட்டன. நொண்டியும் ஒன்று இட்டிருக்கிறது.

ஒரே வாரத்து வேலை, தேவயானி. இதைத்தான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறேன். ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொங்கலில் இருந்து எத்தனை வாரம் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

படகு முதலாளி சவுரிராயனிடம் போய், கடல் திறந்தாலும் என்னை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். வாத்துகளை வெள்ளையம்மாள் பார்த்துக்கொள்வாள்.

பதினாலாம் தேதி, புதன்கிழமை காலை நீயும் அக்காவும் வருவதற்கு முன்பே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். மன்னிப்புக் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். நீ பேசவும் வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே போகும்போது உன் பையை மட்டும் என் கையில் கொடு.

நீ நல்லா இருக்கணும்.

உன்
ராஜாங்கம்