விழத் தெரிந்தவள்

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தல் கடை இருக்கிறது. மழையில் நனைந்த தார்ப்பாய்களை இன்று காலை சாலையோரம் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற அவற்றிலிருந்து ஆவி கிளம்பியது. ரப்பரும் ஈரமும் பழைய வியர்வையும் கலந்தது போன்ற வாசனை. கையில் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர், "இன்னாம்மா, பந்தல் வேணுமா?" என்றார். இல்லையென்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். என் சிநேகிதி ஒருத்தி இந்த வாசனைக்குள் இருக்கிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உன்னை முதலில் பார்த்தது விழுப்புரத்தில், பள்ளிப் பெண்களுக்கான மல்யுத்தப் போட்டியில். நான் மல்லாட்டை பயிரிடுகிற குடும்பத்துப் பெண். நிலக்கடலை மூட்டை தூக்கிப் பழகிய தெம்பில் வந்திருந்தேன். நீ மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்திருந்தாய். விசில் ஊதியது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது கூரையில் எரிந்த விளக்குகள்தான். என் மேலிருந்து எழுந்து நீ கை நீட்டினாய்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் அழுவுற? உனக்கு விழத் தெரியல, அவ்ளோதான். ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வா."

வந்தேன். உப்பளங்களைத் தாண்டிப் பேருந்து வரும்போது விடிந்துகொண்டிருந்தது. வானம் பாத்தி பாத்தியாகத் தரையில் கிடந்தது. எது மேலே, எது கீழே என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. இன்றும் உன்னை நினைத்தால் அந்த மயக்கம்தான் முதலில் வருகிறது. ஈர மணலில் அன்று முழுக்க விழுந்துகொண்டே இருந்தோம். தாடையை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை வெளியே விடு, கையைப் பரப்பித் தரையை அறை. நான் ஒவ்வொரு முறையும் விறைத்துப் போனேன். "பயந்தா உடம்பு கட்டையாயிடும்டி. கட்டதான் ஒடையும், தண்ணி ஒடையாது" என்றாய். மாலைக்குள் என் காதிலும் பல்லிலும் மணல். உன் சிரிப்பு மட்டும் அலைச்சத்தத்துக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

பள்ளி முடிந்த பிறகு சென்னையிலிருந்து ஒருவர் நம் இருவரையும் தேடி வந்தார். பொருட்காட்சிகளில் பலகை மேல் தார்ப்பாய் விரித்து மேடை போட்டுக் காட்சி மல்யுத்தம் நடத்துகிறவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை அவரே முன்கூட்டித் தீர்மானிப்பார். என் நிறம் உன்னுடையதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை. எனக்குப் 'பொன்மயில்' என்று பெயர் வைத்தார், உனக்குக் 'கடல் ராட்சசி'. நான் ஜெயிக்க வேண்டும், நீ தோற்க வேண்டும். எனக்குத்தான் கோபம் வந்தது. நீயோ முகத்தில் பூச வாங்கி வந்த கறுப்பு மையைக் கண்ணாடி முன் நின்று ரசித்துக்கொண்டிருந்தாய்.

ஊர் ஊராகப் போனோம். வேன் ஜன்னலில் தலை சாய்த்து நீ தூங்குவாய். கரும்புக் காடுகளும் கோபுரங்களும் உன் முகத்தின் மேல் நிழலாக ஓடும். ஓர் ஊரில் பெண்ணொருத்தி மேடைக்கே வந்து உன் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். நான் பதறிப் போனேன். உனக்கு ஒரே குஷி. "மண்ணு வாரித் தூத்துதுன்னா நான் வேலைய ஒழுங்கா பண்ணிக்கினு இருக்கேன்னு அர்த்தம். நீ அழகா நிக்கிறது உன்னாலயா? நான் விழறதாலடி" என்றாய். உண்மைதான். உன்னைத் தூக்கிப் போட்டபோதெல்லாம் பலகை இடிபோல அதிர்ந்தது. உனக்கு ஒரு கீறலும் விழவில்லை.

ஆனால் உன் அப்பா அப்படி நினைக்கவில்லை. பெற்ற பெண் ஊர் பார்க்க அடி வாங்குகிறாள் என்று யாரோ சொல்லி, உன்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். நீ அதைப் பற்றிப் பேசமாட்டாய். மரக்காணம் பேருந்தைப் பார்த்தால் மட்டும் திரும்பி நின்றுகொள்வாய்.

பிறகு விழுப்புரத்துப் பொருட்காட்சிக்கு நம் மேடை வந்தது. அந்திநேரம். ராட்டினத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன, அப்பளம் பொரிக்கும் புகை மேடைவரை மிதந்து வந்தது. நாம் மோதிக்கொண்டிருந்தபோது சட்டென்று உன் உடம்பு விறைத்தது. நீ பார்த்த திசையில் நானும் பார்த்தேன். முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக உன் அப்பா. நாம் யாரும் அவரை அழைக்கவில்லை.

உன் கழுத்தைப் பிடித்தபடி காதோரம் கிசுகிசுத்தேன். "நீ ஜெயிச்சிடுடி. நான் படுத்துடறேன். மாஸ்டர நான் பாத்துக்கறேன்."

உன் மூச்சு என் தோளில் சுட்டது. சம்மதிப்பாய் என்றே நினைத்தேன்.

"வாணாம்," என்றாய். "நல்லா உயரத் தூக்கு. நைனா பாக்கட்டும்."

தூக்கினேன். அந்தத் தூக்கல் முடியவே இல்லை என்று இப்போதும் சில சமயம் தோன்றும். என் தலைக்கு மேலே நீ, உனக்கு மேலே ராட்டினம், அதற்கும் மேலே வெளிறிய நிலா. கூட்டத்தின் கூச்சல் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பது போலிருந்தது. பிறகு நீ விழுந்தாய். பலகை அதிர்ந்தது, நடுவர் எண்ணி முடித்தார், கூட்டம் எழுந்து கத்தியது. உன் அப்பா மட்டும் கை தட்டாமல் எழுந்து நடந்தார்.

மேடைக்குப் பின்னால் இருந்த தகர மறைப்புக்குள் அவர் வந்தபோது நீ என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாய். ஊரையே பயமுறுத்திய ராட்சசி! அவர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நீதானாம்மா எம்பொண்ணத் தூக்கிப் போட்டது?"

"ஆமாங்க."

"கழுத்துக்குக் கை குடுத்துத்தான் எறக்குன. பாத்தேன்." பிறகு உன் பக்கம் திரும்பினார். "அலை பொரட்டறப்ப நாங்க படகுலேர்ந்து இப்பிடித்தான் உடம்ப உடுவோம். மல்லுக்கட்டாம, தண்ணியாட்டம். உனக்கு யாரு இத சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல, நைனா. சின்னப்புள்ளயில கரையில நின்னு உன்னப் பாத்துக்கினே இருப்பேன் இல்ல?"

அவர் துண்டை எடுத்துக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, உன் முகத்திலிருந்த கறுப்பு மையை மெல்லத் துடைத்தார். மை போகப் போக உன் அழுகை தெரிந்தது.

அதன் பிறகு உனக்கு வடக்கிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய அரங்கங்கள், தொலைக்காட்சி. எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனத்தோடு நின்றுவிட்டேன். ஒரு மதியம் போன் செய்தாய். பட்டம் உனக்கென்று முடிவாகி, இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார்களாம். "ஜெயிச்சிட்டேன்டி," என்றாய். அடுத்த நொடியே உன் குரல் இறங்கியது. "ஒரே பேஜாரா கீது. மேல நின்னுகினு இன்னா பண்றதுன்னே தெரியல." இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது போனில் உன் இருமல் கேட்டது. அதை நான் சாதாரண இருமல் என்றுதான் எண்ணினேன். நீயும் அப்படித்தான் எண்ணியிருந்தாய்.

புதுச்சேரி மருத்துவமனையில் உன்னைப் பார்த்தபோது, கட்டிலில் போர்வைதான் அதிகமாக இருந்தது. நுரையீரலை நோய் தின்றிருந்தது. சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும் என்றார் செவிலியர். "தள்ளிக்குங்க சிஸ்டர், இவளுக்குப் பழக்கம்" என்று என்னைக் கைகாட்டினாய். உன் கை என் கழுத்தைச் சுற்றியது. தூக்கினேன். பொருட்காட்சியில் அத்தனை பேர் முன்னால் நீ எனக்குக் கனக்கவில்லை. அன்று கனத்தாய்.

"இப்ப லேசா கீறேன் இல்ல?" என்றாய்.

"ஆமாடி," என்றேன்.

அடுத்த வாரம் உன் உடலைக் குப்பத்துக்குக் கொண்டுபோனார்கள். உன் அப்பா அழவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திரும்பாமலே, "பயந்தாளாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்கப்பா," என்றேன். அது உண்மை.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கடைசிப் படியில் மழைத் தண்ணீரில் கால் வழுக்கியது. யோசிக்க நேரமே இல்லை. ஆனால் என் தாடை நெஞ்சோடு ஒட்டியது, மூச்சு வெளியே போனது, ஒரு கை குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள மறுகை தரையை அறைந்தது. முற்றத்தில் மல்லாந்து கிடந்தேன். எங்கும் வலிக்கவில்லை. மேலே சாம்பல் வானம், முகத்தில் தூறல். உள்ளிருந்து என் கணவர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

என் நெஞ்சின் மேல் கிடந்தவள் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி விழும்மா," என்றாள்.